அறளை பெயர்தல் முதல் அல்சைமர் வரை: மறதி நோயாளருக்கான தொண்டமைப்புகள் தோன்றிய கதை

யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கில் 'அறளை பெயர்தல்' என்றொரு சொற்றொடர் உண்டு. முதுமையில் ஒருவர் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னால், உண்டதை மறந்து மீண்டும் உணவு கேட்டால், பெற்ற பிள்ளையைப் பார்த்து 'நீர் ஆர்?' என்று வினவினால், 'மனுசனுக்கு அறளை பேந்துபோச்சு' என்பார்கள். அதனை நோய் என்று எவரும் கருதியதில்லை. நரையைப் போல, திரையைப் போல அதுவும் மூப்பின் ஓர் அடையாளம் என்றே எண்ணினோம். சில வேளைகளில் சிரிக்கவும் செய்தோம்.

அவ்வாறு சிரித்தவர்களில் நானும் ஒருவன். 1990களின் தொடக்கத்தில் நான் பணியாற்றிய பத்திரிகையில் ஒப்புநோக்காளராக இருந்து இளைப்பாறிய பெரியவர் ஒருவர், ஓய்வு பெற்ற பின்னரும் காலை ஒன்பது மணிக்குக் குடையும் கையுமாக அலுவலகத்துக்கு வந்துவிடுவார். ஒற்றுப்பிழைக்கும் ணகர, னகர மயக்கத்துக்கும் எங்களைக் கண்டித்து வளர்த்தவர் என்பதனால் முதலில் மகிழ்ச்சியோடு வரவேற்றோம். பின்னர் அவர் சரியான சொற்களைப் பிழையாகத் திருத்தத் தொடங்கினார். ஒருநாள் வாயிற் காவலாளிக்கு 'ஐயாவை உள்ளே விடவேண்டாம்' என்று பணிப்புரை வழங்கப்பட்டது. அம்முடிவுக்குத் தலையாட்டியவர்களில் அடியேனும் அடக்கம்.

சில நாட்களின் பின் அவருடைய துணைவியார் வந்தார். 'வீட்டிலை இருக்கமாட்டன் எண்டு அடம்பிடிக்கிறார் தம்பி. ஒரு இரண்டு மணித்தியாலம் இஞ்சை ஒரு கதிரையிலை இருக்க விட்டால் காணும். அந்த நேரத்திலை நான் சந்தைக்குப் போய்வந்திடுவன்' என்றார். எங்களிடம் பதில் இருக்கவில்லை. அந்த அம்மையார் கேட்ட உதவிக்கு ஒரு பெயர் உண்டு என்பதையும், அதனை வழங்குவதற்கென்றே உலகின் வேறு பாகங்களில் தொண்டமைப்புகள் பல ஆண்டுகளாக இயங்கி வந்தன என்பதையும் நான் அறிந்தது நெடுங்காலம் கழித்துத்தான். அந்த அமைப்புகள் தோன்றிய வரலாற்றைத் தமிழ் வாசகர்களுக்குச் சொல்வது ஒருவகையில் பழைய கடனைத் தீர்ப்பதாகும்.

நோய்க்குப் பெயர் கிடைத்த கதை

1901 நவம்பரில் ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகர மனநோய் மருத்துவமனையில் 51 வயதான ஒகுஸ்ட டீற்றர் என்ற பெண் சேர்க்கப்பட்டார். கணவனின் பெயரைக் கேட்டபோதும் தமது பெயரையே கூறிய அவர், தம்மைத் தாமே தொலைத்துவிட்டதாகவும் சொன்னார். அவரோடு நடத்திய உரையாடல்களைக் கவனமாகக் குறித்துவைத்தவர் வைத்தியர் அலோய்ஸ் அல்சைமர். 1906 ஏப்ரலில் அப்பெண் இறந்ததும் மூளையை ஆராய்ந்த அல்சைமர், அவ்வாண்டு நவம்பர் 3 ஆம் திகதி ரூபிங்கன் நகரில் நடைபெற்ற மனநோய் வைத்தியர் மாநாட்டில் தமது முடிவுகளை வெளியிட்டார். அவ்வுரை அங்கே பெரிய ஆர்வம் எதனையும் எழுப்பவில்லை. 1910 இல் பேராசிரியர் எமில் கிரெபலின் தமது பாடநூலில் இந்நோய்க்கு 'அல்சைமர் நோய்' எனப் பெயரிட்டார்.

ஆயினும் இப்பெயர் ஐம்பது, அறுபது வயதிற் பாதிக்கப்பட்ட சிலருக்கு மாத்திரமே உரியதாக நெடுங்காலம் கருதப்பட்டது. எழுபதைக் கடந்தவர்களுக்கு வந்தால் அது மூப்பின் விளைவு என்று வைத்தியர்களும் கைவிரித்தனர். எங்கள் 'அறளை பெயர்தல்' என்னும் எண்ணத்துக்கும் மேனாட்டு மருத்துவத்தின் அன்றைய எண்ணத்துக்கும் பெரிய வேறுபாடு இருக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

இந்நிலையை மாற்றியது இரண்டு பணிகள். பிரித்தானியாவின் நியூகாசில் நகரில் பிளெஸ்ட், ரொம்லின்சன், றொத் ஆகிய மூவர், மறதியோடு இறந்த முதியவர்களின் மூளைகளை ஆராய்ந்து 1968 இல் வெளியிட்ட முடிவுகள் முதலாவது. முதியோரிற் பலரது மூளையிலும் அல்சைமர் கண்ட அதே மாற்றங்கள் காணப்பட்டன. 1976 இல் அமெரிக்க நரம்பியல் வைத்தியர் றொபர்ட் கற்ஸ்மன் எழுதிய சிறிய ஆசிரியத் தலையங்கம் இரண்டாவது. வயதை வைத்து ஒரே நோயை இரண்டாகப் பிரிப்பது தவறு எனவும், அவ்வாறு பிரிக்காது நோக்கினால் இது மக்களைக் கொல்லும் முன்னணி நோய்களில் ஒன்று எனவும் அவர் வாதிட்டார். வெகுசிலருக்கு வரும் அரிய நோய் எனக் கருதப்பட்டது இலட்சக்கணக்கானோரின் நோயாயிற்று. 'இது மூப்பு' என்ற சொல்லோடு வீட்டுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்கள், தாம் தனித்தவர்கள் அல்லர் என அறிந்துகொண்டன.

குடும்பங்கள் கூடிய காலம்

தொண்டமைப்புகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே காலத்தில் தோன்றியமைக்குக் காரணம் இதுவே. 1978 இல் கனடாவில் அல்சைமர் சங்கம் உருவானது. இவ்வகையில் உலகின் முதலாவது அமைப்பு அது. 1979 இல் பிரித்தானியாவிலும், 1980 இன் தொடக்கத்தில் ஜப்பானின் கியோட்டோ நகரிலும் சங்கங்கள் எழுந்தன. அமெரிக்காவில் ஆங்காங்கே இயங்கிய குடும்பக் குழுக்களின் பிரதிநிதிகள் 1979 ஒக்டோபரில் தேசிய மூப்பியல் நிறுவகத்தின் ஆதரவுடன் கூடிப் பேசினர். 1980 இல் ஒரே சங்கமாகப் பதிவு பெற்றனர். அதன் முதற் தலைவர் ஜெரோம் ஸ்ரோன் சிக்காகோ நகரத்துத் தொழிலதிபர். 1970 இல் அவரது மனைவிக்கு இந்நோய் கண்டறியப்பட்டபோது அவர் கையில் பணம் இருந்தது. ஆலோசனை சொல்லத்தான் ஆள் இருக்கவில்லை.

இந்த வரலாற்றில் பத்திரிகைக்கும் ஒரு பங்குண்டு என்பதைப் பத்திரிகைக்காரன் என்ற வகையில் பெருமையோடு குறிப்பிடுகிறேன். அமெரிக்கப் பத்திரிகைகள் பலவற்றில் ஒரே நேரத்தில் வெளிவந்த 'டியர் அபி' என்ற கேள்வி பதிற் பகுதியில், 1980 இல் ஒரு வாசகர் தமது குடும்பத்தின் நிலையை எழுதி உதவி கேட்டார். பதிலிலே புதிய சங்கத்தின் முகவரி தரப்பட்டது. ஒரு சில மேசைகளோடு இயங்கிய அச்சங்கத்துக்குப் பல ஆயிரம் கடிதங்கள் வந்து குவிந்தன. அடுத்த ஆண்டில் ஹொலிவூட் நடிகை ரீட்டா ஹேவேர்த்துக்கு இந்நோய் என்ற செய்தி வெளியானது. குடிப்பழக்கத்தினாலேயே அவர் வசனங்களை மறக்கிறார் என்று அதுவரை ஊர் பேசியிருந்தது. தாயைப் பராமரித்த மகள் யாஸ்மின் ஆகா கான் பின்னாளில் இத்தொண்டின் உலக முகமாக விளங்கினார். 1984 இல் நாடுகளின் சங்கங்கள் ஒன்றிணைந்து சர்வதேச அல்சைமர் நோய் அமைப்பை நிறுவின. செப்டெம்பர் 21 உலக அல்சைமர் தினமாக அனுட்டிக்கப்படுவது 1994 தொடக்கமாகும். அதே ஆண்டு நவம்பரில், முன்னாள் அமெரிக்க ஜனாதிபதி றொனால்ட் ரேகன் தமக்கு இந்நோய் இருப்பதாகக் கைப்படக் கடிதம் எழுதி நாட்டு மக்களுக்கு அறிவித்தார்.

தொண்டு நடக்கும் விதம்

இத்தகைய அமைப்பொன்றை நடத்துவது எவ்வாறு? புற்றுநோய்க்கோ கண்பார்வைக்கோ தொண்டு செய்வோருக்கு இல்லாத ஒரு சிக்கல் இங்குண்டு. உதவி தேவைப்படுபவர் இருவர். ஒருவர் நோயாளர்; மற்றவர் இரவு பகலாக அவர் பின்னே செல்லும் மனைவி அல்லது மகள். எனவே பல நாடுகளிலும் இப்பணி ஏறத்தாழ ஒரே ஒழுங்கில் வளர்ந்திருக்கிறது. முதலில் ஒரு தொலைபேசி. அடுத்து மாதம் ஒருமுறை பராமரிப்போர் கூடி மனம்விட்டுப் பேசும் ஒன்றுகூடல். பிறகு துண்டுப் பிரசுரமும் செய்திமடலும். பின்னர்தான் நோயாளரைச் சில மணிநேரம் பொறுப்பேற்கும் பகல்நேர நிலையம். செலவு மிகுந்ததும், நடத்தக் கடினமானதும், குடும்பங்கள் அதிகம் வேண்டுவதும் இந்தக் கடைசிச் சேவையே.

பணம் வரும் வழியிலும் ஓர் இழுபறி உண்டு. மருந்து கண்டுபிடிக்கும் ஆராய்ச்சிக்குக் கொடுப்பதா, இன்று களைத்துப்போயிருக்கும் குடும்பத்துக்குக் கொடுப்பதா? 1993 இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட முதல் மருந்து முதல் 2023 இல் முழு அனுமதி பெற்ற லெக்கனெமாப் வரை வந்த எதுவும் நோயைக் குணப்படுத்துவதில்லை. அறிகுறிகளைச் சிறிது தணிக்கின்றன அல்லது நோயின் போக்கைச் சிறிது தாமதப்படுத்துகின்றன. ஆராய்ச்சி வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் நாளை வரும் மருந்து இன்றைய இரவுக்கு உதவாது.

அரசுகளை வழிக்குக் கொண்டுவருவதும் இத்தொண்டின் ஒரு பகுதியே. மறதி நோயாளரை அடக்கிவைப்பதற்காக மனநோய் மருந்துகள் வரம்பின்றிக் கொடுக்கப்படுவதாகப் பிரித்தானியச் சங்கத்தினர் நீண்டகாலம் குரலெழுப்பினர். 2009 இல் பேராசிரியர் சுபே பனர்ஜி அரசுக்கு அளித்த அறிக்கை, அந்நாட்டில் சுமார் 180,000 மறதி நோயாளர் இம்மருந்துகளைப் பெறுவதாகவும், ஆண்டுதோறும் ஏறக்குறைய 1,800 மேலதிக மரணங்களுக்கு அவை காரணமாவதாகவும் மதிப்பிட்டது. அதன் பின்னரே அவற்றின் பாவனையைக் குறைக்கும் முயற்சிகள் வேகம் பெற்றன.

நோயாளரின் குரல்

குடும்பத்தினர் நடத்திய இச்சங்கங்களிலே நெடுங்காலம் ஒரு குறை இருந்தது. நோயாளரைப் பற்றி எல்லோரும் பேசினர், நோயாளர் பேசவில்லை. 1995 இல் 46 வயதில் நோய் கண்டறியப்பட்ட அவுஸ்திரேலியப் பெண்மணி கிறிஸ்ரின் பிறைடன் மேடையேறிப் பேசியும் நூல் எழுதியும் அந்நிலையை மாற்றினார். மறதி நோயோடு வாழ்பவர்களில் சர்வதேச அமைப்பின் நிர்வாக சபைக்கு முதன்முதலில் தெரிவானவர் அவரே. அது நிகழ்ந்தது 2003 இல்.

ஜப்பானிலோ சொல்லே மாற்றப்பட்டது. அங்கு இந்நோயைக் குறித்த 'சிஹோ' என்ற சொல்லில் மடமை என்னும் பொருள் ஒட்டியிருந்தது. 2004 இறுதியில் ஜப்பானிய அரசு அதனைக் கைவிட்டு, அறிதல் தொடர்பான நோய் எனப் பொருள்படும் 'நின்சிஷோ' என்ற சொல்லை ஏற்றது. அடுத்த ஆண்டு தொடக்கம் பொதுமக்களுக்குக் குறுகிய நேரப் பயிற்சி அளித்து அவர்களை ஆதரவாளர்களாக்கும் இயக்கம் அங்கு ஆரம்பமானது. கடைக்காரர், வங்கி ஊழியர், பாடசாலை மாணவர் எனப் பலரும் அதிற் சேர்ந்தனர். காவலாளியிடம் 'உள்ளே விடவேண்டாம்' என்று சொன்ன எங்களுக்கு அப்படியொரு பயிற்சி கிடைத்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு.

எமது பக்கத்து நிலைமை

'இது மேனாட்டு நோய். எங்களுடைய கூட்டுக் குடும்பத்தில் இதற்கு இடமில்லை' என்று கூறுவோர் உளர். 1992 இல் கேரளத்தில் வைத்தியர் ஜேக்கப் றோய் இந்தியாவின் அல்சைமர் சங்கத்தைத் தொடங்கியபோதும் இப்படித்தான் கூறப்பட்டது. 1998 இல் கொச்சியில் நடைபெற்ற சர்வதேச மாநாட்டில் ஆய்வாளர்கள் கூடி '10/66' என்ற குழுவை அமைத்தனர். நோயாளரில் 66 சதவீதத்தினர் வளர்முக நாடுகளில் வாழ, அந்நாடுகளைப் பற்றிய ஆராய்ச்சியோ 10 சதவீதத்துக்கும் குறைவு என்பதே அப்பெயரின் பொருள்.

இலங்கையில் றாகமைப் பகுதியில் முதியோரிடையே நடத்தப்பட்டு 2003 இல் வெளியான ஆய்வு, 65 வயதைக் கடந்தோரில் ஏறத்தாழ 4 சதவீதத்தினருக்கு மறதி நோய் இருப்பதைக் காட்டியது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னர், 2001 இல், லங்கா அல்சைமர் நிதியம் கொழும்பில் தோற்றம் பெற்றிருந்தது. கொழும்பிலே அதன் செயற்பாட்டு நிலையம் நோயாளரைப் பகற்பொழுதில் பாட்டு, கைவேலை முதலியவற்றில் ஈடுபடுத்துகிறது, குடும்பங்களுக்கும் வழிகாட்டுகிறது.

வடக்கு கிழக்கு நிலைமைக்கு ஒரு தனித்துவம் உண்டு. போரும் புலப்பெயர்வும் பிள்ளைகளை ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் பரிசுக்கும் அனுப்பிவிட்டன. கூட்டுக் குடும்பம் இன்று பெரும்பாலும் தொலைபேசியிலேதான் கூடியிருக்கிறது. தாயாருக்கு மாதம் தவறாது பணம் வருகிறது. ஆனால் அடுப்பை அணைத்தாரா என்று பார்ப்பதற்கு ஆள் இல்லை. அங்கே சென்று பிள்ளைகளோடு வாழும் முதியவர்களின் நிலையும் சிக்கலானதே. ஆங்கிலமோ பிரெஞ்சோ பேசும் பணியாளரிடம் அவர்கள் தமிழில் எதைச் சொல்லி விளங்கவைப்பது? அந்நாட்டுச் சங்கங்களில் தமிழ்த் தொண்டர்கள் சேர்வது எவ்வளவு அவசியம் என்பதை விளக்க வேண்டியதில்லை.

எங்களிடம் கொடைக்குக் குறைவில்லை. அந்தியேட்டிக்குக் கல்வெட்டு அச்சிடுகிறோம். திதிக்கு முதியோர் இல்லத்தில் உணவு வழங்குகிறோம். அந்தச் செலவில் ஒரு பகுதி, ஊர் வாசிகசாலையிலோ கோயில் மண்டபத்திலோ வாரம் இரு காலைப்பொழுதுகள் பகல்நேர நிலையம் ஒன்று நடத்தப் போதுமானது. பயிற்சி பெற்ற இருவர், பழைய பாடல்கள், ஒரு பூட்டிய படலை, தேநீர். பெரிய கட்டடம் எதுவும் தேவையில்லை.

அந்த ஒப்புநோக்காளர் ஐயா சில ஆண்டுகளில் காலமானார். மரண அறிவித்தல் எங்கள் பத்திரிகையிலேயே வெளிவந்தது. அதனை எழுத்தெழுத்தாக மும்முறை ஒப்புநோக்கினேன். ஒரு பிழையும் இருக்கவில்லை. அவரின் துணைவியார் கேட்டது அதுவல்லவே. அவர் கேட்டது ஒரு கதிரையும் இரண்டு மணித்தியாலமும் மாத்திரமே.