வண்ணச்சரபம் கண்ட ஆறாம் இலக்கணம்

கோவையிலிருந்து சத்தியமங்கலம் செல்லும் சாலையில் இருக்கிறது எங்கள் சரவணம்பட்டி. கணினி நிறுவனங்களின் கண்ணாடி மாளிகைகளால் இன்று பெயர்பெற்ற இவ்வூரைப் புலவர்கள் சிரவை என்று வழங்கினர். அருகே சின்னவேடம்பட்டியில் கௌமார மடாலயம் உள்ளது. சிரவையாதீனம் என்பதும் அதுவே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அதனை நிறுவிய இராமானந்த அடிகளின் ஆசிரியரைப் பற்றி மாணவ நண்பர்களுக்குச் சில கூற விரும்புகின்றேன். அவரே வண்ணச்சரபம் தண்டபாணி அடிகள்.

அடிகள் 1839-ஆம் ஆண்டு திருநெல்வேலியில் தோன்றினார். பிள்ளைப் பெயர் சங்கரலிங்கம். இளமையிலேயே தந்தையை இழந்தவர். எட்டு வயதிலேயே பாடத் தொடங்கியவர். அருணகிரிநாதரைப் பின்பற்றிச் சந்த யாப்பாகிய வண்ணத்தில் இணையற்று விளங்கியமையால் வண்ணச்சரபம் எனப்பட்டார். முருகதாசர் என்பது மற்றொரு பெயர். கோவணமும் தண்டும் தாங்கி, ஊர் ஊராகத் தலங்களைப் பாடிச் சென்றார். தம் வாழ்வைக் 'குருபர தத்துவம்' என்ற நூலில் விருத்தங்களாகத் தாமே எழுதிவைத்தார். தம்மைப் பற்றி எழுதும் வழக்கம் அருகியிருந்த தமிழில் இஃது அரிய செயல்.

பிறப்பும் பயணமும் நிற்க. அவருடைய சிந்தனையில் என்னைப் பெரிதும் கவர்ந்தது ஒன்று உண்டு. எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி எனத் தமிழ் இலக்கணம் ஐந்து என்பதை நீங்கள் அறிவீர்கள். வீரசோழியம் முதல் தொன்னூல் விளக்கம் வரை அந்த எல்லையிலேயே நின்றன. ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் நாங்கள் மனப்பாடம் செய்ததும் அவ்வைந்தே. அடிகளோ 'அறுவகை இலக்கணம்' இயற்றிப் புலமை என்பதை ஆறாவதாகச் சேர்த்தார். தேற்றம், தவறு, மரபு, செயல்வகை என அதனை நான்காகப் பகுத்தார். பின்னர் 'ஏழாம் இலக்கணம்' எழுதித் தவத்தையும் உடன்வைத்தார்.

இதிற் புதுமை என்ன என்று கேட்கலாம். நன்னூல் ஆசிரியர்க்கும் மாணாக்கர்க்கும் இலக்கணம் சொல்லவில்லையா? சொல்லியது, ஆனால் பாயிரத்தில். நூலின் உள்ளே எழுத்தும் சொல்லுமே உள. பாட்டியல் நூல்கள் ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம் என்று கவிகளை வகுத்தன. அது திறமையைப் பற்றிய பாகுபாடு. பாடுகிறவன் எத்தகையவன் என்ற வினாவை, எழுத்துக்கும் யாப்புக்கும் நிகராக, இலக்கணத்தின் உள்ளேயே அமர்த்தியவர் அடிகள். ஜமீன்தார்களைப் பாடிப் பரிசில் பெறும் புலவர் மலிந்த காலம் அது என்பதை நினைத்துப் பார்த்தால் இவ்வினாவின் கூர்மை விளங்கும். தளை தட்டாத வெண்பாவைப் பாடியவனிடமும் தவறு காண இடமுண்டு என்றல்லவா ஆகிறது!

இக்கண்டிப்பைத் தம் மீதும் அவர் செலுத்தினார். அவர் பாடியவை ஓர் இலட்சம் என்பர். முருகன் தம் வேண்டுதலுக்கு இரங்கவில்லையே என்று மனம் நொந்து, அவற்றுள் ஏறத்தாழப் பாதியைத் தாமே அழித்துவிட்டார் என்றும் கூறுவர். தமிழ் கற்பிப்பவனாக எனக்கு இச்செயலில் உடன்பாடு இல்லை. நூல் எழுதியவனுக்கு மட்டுமா உரியது? ஆயினும் பாட்டைப் புகழுக்குரிய பண்டமாக அவர் கருதவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

வரலாற்று மாணவர்கள் பார்க்கவேண்டியது 'புலவர் புராணம்'. எழுபதுக்கும் மேற்பட்ட புலவர்களின் வரலாறு அதிலே செய்யுளாக உள்ளது. செவிவழிக் கதைகள் மிகுதி; ஆண்டுக் கணக்குக்கு அதனை நம்பலாகாது. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழர் தம் புலவர்களை எவ்வாறு நினைவிற் கொண்டிருந்தனர் என்பதை அறிய அதுவே நல்ல கருவூலம்.

கொல்லாமையை வற்புறுத்திய அடிகள், அயலவர் ஆட்சியையும் வாளா பொறுத்திருக்கவில்லை. 'ஆங்கிலியர் அந்தாதி' பாடினார். காங்கிரஸ் மகாசபை 1885-இல் தோன்றியது. 1898-இல் அடிகள் மறைந்தார். விடுதலை இயக்கம் சிற்றூர்களை எட்டாத காலத்திலேயே துறவி ஒருவர் இப்பொருளைச் செய்யுளில் எடுத்தாண்டார் என்பது கருதத்தக்கது.

அவர் அடங்கிய இடம் விழுப்புரத்தை அடுத்த திருவாமாத்தூர். அவருடைய நூல்கள் பல நமக்குக் கிடைத்ததில் சிரவை மடத்திற்குப் பெரும் பங்குண்டு. சுவடிகளைக் காத்து அச்சேற்றிய இடம் அது. இராமானந்த அடிகளுக்குப் பின் அங்கே தலைமையேற்ற கந்தசாமி அடிகளும் பெரும்புலவரே. கொங்கு நாட்டுத் தலங்கள் பலவற்றின் மீது அவர் பாடிய நூல்களைப் பற்றித் தனியே பேசவேண்டும்.