சோலன் பீர் ஆலையும் ஒரு பிழையான தொடக்க ஆண்டும்

துவாரகா போன்ற தில்லிப் புறநகர்களிலிருந்து சிம்லாவுக்குச் செல்வோர் கால்காவில் குறுகிய பாதை இரயிலுக்கு மாறுகின்றனர். வழியில் ‘சோலன் புரூவரி’ என்றொரு சிறு நிலையம் வருகிறது. 1903இல் திறக்கப்பட்ட இப்பாதை, முன்பே அங்கு இயங்கிவந்த பீர் ஆலையை ஊடறுத்துச் செல்வதால் நிலையத்துக்கு ஆலையின் பெயரே அமைந்தது.

இவ்வாலையின் மூலம் அருகிலுள்ள கசௌலியில் எட்வர்ட் டையர் நிறுவிய ஆலையாகும். அது 1820களில் தோன்றியது எனப் பரவலாக எழுதப்படுகிறது. இக்கூற்றை ஏற்பது கடினம். கசௌலியில் படைவீடு அமைந்ததே 1842இல்தான். மேலும், எட்வர்டின் மகன் ரெஜினால்ட் பிறந்தது 1864இல். 1820களில் ஆலை நிறுவுமளவு வளர்ந்திருந்த ஒருவர், ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்துத் தந்தையானார் என்று கொள்ள வேண்டியிருக்கும். டையர் நிறுவனம் உருவானதாகக் குறிக்கப்படும் 1855ஆம் ஆண்டே பொருத்தமானது. பழைமை மதுவின் விலையைக் கூட்டும். வரலாற்று மாணவர் அந்த விலையைக் கொடுக்க வேண்டியதில்லை.

ஆண்டைத் திருத்தினால் காரணமும் தெளிவாகிறது. 1857க்குப் பின் இந்தியாவில் ஐரோப்பியப் படையினரின் எண்ணிக்கை பெருகியது. அவர்கள் கடைத்தெருச் சாராயத்தை நாடுவது உடல்நலத்துக்கும் ஒழுங்குக்கும் கேடு என்று படைத்துறை கருதியது. பீரை அதற்கு மாற்றாகக் கண்டது. இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த பீரோ விலை மிக்கது. சமவெளியில் காய்ச்சவும் இயலவில்லை. ஏல் வகைப் பீருக்குரிய நொதி ஏறத்தாழ 15 முதல் 20 பாகை வெப்பத்தில் செவ்வனே வேலை செய்யும். கோடையில் 40 பாகையைத் தாண்டும் சமவெளியில், குளிரூட்டும் எந்திரம் இல்லாத நாளில், அது கெட்டுவிடும். ஆகவே வாற்கோதுமை மலையேறியது, பீப்பாய்கள் மலையிறங்கின. மலைமுகட்டிலிருந்த கசௌலியில் நீர் போதவில்லை. நல்ல ஊற்றுநீர் கிடைத்த சோலனுக்குப் பீர்த் தொழில் பெயர்ந்தது, கசௌலி வடிசாலையாயிற்று.

ரெஜினால்ட் பிறந்த ஊர் முர்ரீ. 1860இல் தொடங்கிய முர்ரீ பீர் ஆலையோடு தந்தைக்கிருந்த தொடர்பே குடும்பத்தை அங்குக் கொண்டு சென்றது. 1919 ஏப்ரல் 13 அன்று ஜாலியன்வாலா பாகில் சுடுமாறு ஆணையிட்டவர் இந்த மகனே. தந்தையின் தொழில் வரலாறு இன்று பெரும்பாலும் அப்பெயரின் அடிக்குறிப்பாகவே நினைக்கப்படுகிறது. ஆனால் தந்தையின் வாழ்வும் படைவீட்டையே சார்ந்திருந்தது. அவருடைய முதல் வாடிக்கையாளர்கள் படைவீரர்களே.

1887இல், இங்கிலாந்தின் பர்ட்டன் நகரத்துப் பீர் வணிகக் குடும்பத்தைச் சேர்ந்த எச். ஜி. மீக்கின் சிம்லா, கசௌலி ஆலைகளை டையரிடமிருந்து வாங்கினார். ராணிகேத், டல்ஹௌசி, சக்ராதா, டார்ஜிலிங் என அவர் விரித்த ஆலைகளின் பட்டியல், கோடைவாசத்தலங்களின் பட்டியலைப் போலவே இருக்கிறது. பிற்பாடு இரு நிறுவனங்களும் ‘டையர் மீக்கின்’ என ஒன்றாயின.

எந்திரக் குளிரூட்டல் பரவியதும் மலையின் தேவை குறைந்தது. முர்ரீ நிறுவனம் தன் உற்பத்தியை ராவல்பிண்டிக்கு இறக்கியது. சோலன் மட்டும் எஞ்சியதற்கு ஊற்றும் இரயில் பாதையும் துணையாயின என்று கருதலாம்.

1949இல் நரேந்திர நாத் மோகன் நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கினார். 1960களில் ‘டையர்’ என்ற பெயர் பலகையிலிருந்து நீங்கியது. ‘மோகன் மீக்கின்’ நிலைத்தது. நிறுவனமும் தில்லியை நெருங்கி வந்தது. காசியாபாத்தில் அது எழுப்பிய ஆலையைச் சுற்றி வளர்ந்த பகுதி மோகன் நகர் என்றே வழங்குகிறது. 1954இல் வெளிவந்த ‘ஓல்ட் மாங்க்’ ரம் நிறுவனத்தின் பெயரை நாடெங்கும் பரப்பியது. தொடங்கிய பண்டமான பீர் அதன் நிழலில் ஒதுங்கிற்று. மலைப்பாதை நிலையத்தின் பலகையில் மட்டும் ‘புரூவரி’ என்ற சொல் இன்றும் இருக்கிறது.