சிவகாசிக்கு வந்த 'இளவரசி': மாடஸ்டி பிளைஸி தமிழில் திரும்பி வந்தது ஏன் முக்கியம்?

குவென்டின் டரான்டினோவின் 'பல்ப் ஃபிக்‌ஷன்' பார்த்திருப்பீர்கள். அதில் ஜான் டிரவோல்டா பாத்ரூமில் உட்கார்ந்து ஒரு நாவலைப் படித்துக்கொண்டிருப்பார். அதன் பெயர் 'மாடஸ்டி பிளைஸி'. உங்களுக்கு அந்தப் பெயர் புதுசாக இருக்கலாம். ஆனால் வீட்டில் காமிக்ஸ் படித்து வளர்ந்த மாமாவோ சித்தப்பாவோ இருந்தால் கேட்டுப் பாருங்கள், "நம்ம இளவரசியா?" என்பார்கள்.

யார் இந்த மாடஸ்டி?

1963 மே 13 அன்று லண்டனின் 'ஈவ்னிங் ஸ்டாண்டர்ட்' நாளிதழில் தொடங்கிய படக்கதையின் நாயகி. எழுதியவர் பீட்டர் ஓ'டொனல், முதலில் வரைந்தவர் ஜிம் ஹோல்டவே. 1970-ல் ஹோல்டவே இறந்த பிறகு ஸ்பெயின் ஓவியர் என்ரிக் பாடியா ரொமேரோ உள்ளிட்டோர் தொடர்ந்தார்கள்.

கதைப்படி மாடஸ்டி ஒரு போர் அகதி. பெயரே தெரியாத அனாதைச் சிறுமியாக அலைந்து, டாஞ்சியரில் ஒரு பெரிய குற்றக் கும்பலுக்கே தலைவியாகிறார். போதிய பணம் சேர்ந்ததும் கும்பலைக் கலைத்துவிட்டு, பிரிட்டிஷ் உளவுத்துறைக்கு அவ்வப்போது உதவுகிறார். கூடவே நிற்கும் கத்தி வீச்சு நிபுணர் வில்லி கார்வின் அவரை 'இளவரசி' என்றுதான் கூப்பிடுவார். தமிழ் ரசிகர்களின் செல்லப்பெயர் வந்த வழி அதுதான். இருவருக்கும் இடையே காதல் கிடையாது, கடைசி வரைக்கும்.

இந்தப் பாத்திரத்துக்கு நிஜ விதை உண்டு. இரண்டாம் உலகப்போரின்போது, 1942-ல், பாரசீகத்தில் பணியில் இருந்த ஓ'டொனல் தன்னந்தனியாக நடந்துவந்த ஒரு அகதிச் சிறுமியைப் பார்த்தார். தற்காப்புக்கு அவளிடம் இருந்தது மரத்துண்டில் கட்டிய ஒரு ஆணி மட்டும். கொடுத்த உணவை வாங்கிக்கொண்டு அவள் தன் வழியில் போய்விட்டாள். இருபது ஆண்டுகள் கழித்து, வலுவான நாயகி ஒருத்தியை எழுத உட்கார்ந்தபோது அவருக்கு அந்தச் சிறுமிதான் நினைவுக்கு வந்தாள்.

தமிழுக்கு எப்படி வந்தார்?

1984 ஜூலையில் சிவகாசியில் 'லயன் காமிக்ஸ்' தொடங்கியது. ஆசிரியர் எஸ். விஜயனுக்கு அப்போது 20 வயதுகூட ஆகவில்லை. முதல் இதழே 'கத்தி முனையில் மாடஸ்டி'. அதே மாதம் தொடங்கிய 'ராணி காமிக்ஸ்' ஜேம்ஸ் பாண்டை இறக்கியது. 1972-ல் வந்த 'முத்து காமிக்ஸ்' ஏற்கெனவே இரும்புக்கை மாயாவியால் வீடுகளுக்குள் நுழைந்திருந்தது. இத்தனை ஆண் நாயகர்களுக்கு நடுவே ஒரு புதிய பத்திரிகை பெண்ணை முன்னிறுத்திக் கடை விரித்தது சின்ன விஷயமல்ல.

பிறகு தொலைக்காட்சியும் இணையமும் வந்தன. ராணி காமிக்ஸ் 2005-ல் நின்றது. லயனும் முத்துவும் மாதக்கணக்கில் தாமதமாகி, கிட்டத்தட்ட மறக்கப்பட்டன. 2012 ஜனவரியில் 'கம்பேக் ஸ்பெஷல்' இதழோடு அவை மீண்டு வந்தன. பழைய நியூஸ்பிரிண்ட் போய் நல்ல தாளும் வண்ண அச்சும் வந்தன. மாடஸ்டியும் திரும்பினார்.

பழைய கதையை மறுபடி அச்சடிப்பதில் என்ன கஷ்டம்?

கொஞ்சம் கணக்குப் போடுவோம். 2001 வரை ஓடிய இந்தத் தொடரில் 10,000-க்கும் மேற்பட்ட தினசரி ஸ்ட்ரிப்கள், சுமார் 95 கதைகள். அப்படின்னா ஒரு கதைக்குச் சராசரியாக 100-க்குக் கொஞ்சம் மேல். ஒரு பக்கத்துக்கு இரண்டு ஸ்ட்ரிப் வைத்தால், ஒரு கதைக்கே 50 பக்கங்களுக்கு மேல் வேண்டும்.

அடுத்து, நாளுக்கு மூன்று கட்டம் என்று படிக்க எழுதிய கதை இது. நேற்று நடந்ததை இன்றைக்கு ஒரு வரியில் நினைவூட்டும். ஒரே மூச்சில் படிக்கும்போது அது இடறும். மொழிபெயர்ப்பாளர் அதைப் பக்குவமாகக் குறைக்க வேண்டும். ஆங்கில எழுத்துக்கு அளவெடுத்த பேச்சு பலூனில் தமிழ் வாக்கியம் பெரும்பாலும் அடங்காது. அதனால் வசனத்தைச் சுருக்கணும், ஆனால் நக்கல் போகக்கூடாது.

புதுக் கதைகள் வருமா?

வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். தன் 81-வது பிறந்தநாளான 2001 ஏப்ரல் 11 அன்று ஓ'டொனல் தினசரித் தொடரை முடித்தார். அதற்கு முன்பே, 1996-ல் வெளியான 'கோப்ரா ட்ராப்' தொகுப்பின் கடைசிக் கதையில் மாடஸ்டியின் முடிவையும் எழுதிவிட்டார். 2010-ல் அவரும் காலமானார். எனவே மறுவருகை என்றால், இருக்கும் கதைகளைப் புது வாசகர்களிடம் சேர்ப்பதுதான்.

சிக்கலும் அங்கேதான். 1984-ல் பத்து வயதில் படித்தவருக்கு இன்று ஐம்பது தாண்டிவிட்டது. இந்தப் புத்தகங்கள் பெரும்பாலும் சந்தா, ஆன்லைன், புத்தகக் கண்காட்சி வழியாகவே விற்கின்றன. பெட்டிக்கடையில் தற்செயலாகக் கண்ணில் பட்டு வாங்கும் சிறுவனோ சிறுமியோ இப்போது இல்லை. ஏற்கெனவே தெரிந்தவர்தான் தேடிப் போவார். 2011 கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபாரில் சுமார் 15 சதவீதம் பேரின் தாய்மொழி தமிழ். ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேரின் மின்னி பேயில் வளரும் ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு இளவரசி அறிமுகமாக வேண்டுமென்றால், வீட்டில் யாராவது அந்தப் பார்சலை வரவழைத்திருக்க வேண்டும்.

நம்ம ஊர் வீராங்கனைகள் எங்கே?

நியாயமான கேள்வி. 2022-ல் அமர் சித்திரக் கதையும் மத்திய கலாசார அமைச்சகமும் வெளியிட்ட விடுதலைப் போராட்டப் பெண்கள் தொகுப்பில் வேலு நாச்சியார் இடம்பெற்றார். ஆனால் அது ஒரு வரலாற்று அறிமுகம். மாதாமாதம் புது ஆபத்தில் சிக்கி, புது வழியில் தப்பும் ஒரு தமிழ் நாயகி நீண்ட தொடராக நிலைக்க எழுத்தாளர், ஓவியர், காத்திருக்கும் வாசகர் மூன்று பேரும் வேண்டும்.

நீங்கள் முதல்முறை படிக்கப் போகிறீர்கள் என்றால் ஒன்றை மனதில் வையுங்கள்: இவை அறுபதுகளில் பிறந்த கதைகள். சில வில்லன்களும் சில உடைகளும் அந்தக் காலத்தவை. ஆனால் சிக்கலில் மாட்டிய பெண் யாராவது வந்து காப்பாற்றட்டும் என்று காத்திருக்கமாட்டார். கொண்டையில் செருகிய சின்ன மரக்கட்டையை உருவி, அதையே ஆயுதமாக்குவார். ஆணி கட்டிய அந்த மரத்துண்டு ஞாபகம் இருக்கிறதா?