நோர்வூட்டும் கிளிநொச்சியும்: காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் வர்க்கப் பின்னணி

காணாமல் ஆக்கப்பட்டோர் பிரச்சினையை வடக்கு, கிழக்குக்கு மட்டுமே உரியதாகக் கொள்ளும் நோக்கு நம்மிடையே வேரூன்றியுள்ளது. மலையகத்தின் வரலாற்றோடு இணைத்து நோக்கும்போது அதன் போதாமை புலனாகும்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரை நாடற்றோராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு அரசுகள் பங்கிட்டுக்கொள்ளும் எண்ணிக்கையாக்கியது. 1970களின் முற்பகுதியில் தோட்டங்களைப் பீடித்த பட்டினியும், 1977 ஆகஸ்ட் வன்செயலும் பல குடும்பங்களை லயங்களிலிருந்து வன்னிக்குத் துரத்தின. கிளிநொச்சியின் மலையாளபுரம், பாரதிபுரம் போன்ற குடியிருப்புகளில் மலையக வம்சாவளியினர் பெருந்தொகையாக வாழ்வது இவ்வாறே. காடு வெட்டிக் குடியேறிய இவர்களிற் பலர் அங்கும் விவசாயக் கூலிகளாகவே நீடித்தனர். கென்ட், டொலர் பண்ணைகளிற் குடியேறியோர் 1984இல் அங்கிருந்தும் வெளியேற்றப்பட்டனர். 2009 மே மாதத்தில் முடிவுற்ற போர், வன்னியில் எஞ்சியோரின் பிள்ளைகளையும் விட்டுவைக்கவில்லை.

2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் பெற்றோர் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். அதே ஆண்டு மே 12ஆம் திகதி நோர்வூட் மைதானத்தில் உரையாற்றிய இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். மலையில் வீட்டுக்கான காத்திருப்பு; வன்னியில் பிள்ளைக்கான காத்திருப்பு. இவ்விரண்டையும் வெவ்வேறு மக்களின் கதைகளாக வாசிப்பது தவறு என்பதே நமது துணிபு.

இவ்விடத்து அரசின் ஆவணங்கள் கருதத்தக்கன. தந்தையோ தந்தைவழி முன்னோரோ இந்நாட்டிற் பிறந்தமைக்கு 1948இல் சான்று கேட்ட அரசு, 2016இல் காணப்படாமைச் சான்றிதழுக்கு வழிசெய்தது. பெற்றோர் வேண்டுவதோ சான்றிதழ் அன்று; பிள்ளைக்கு நேர்ந்தது யாது, அதற்குப் பொறுப்பானோர் யாவர் என்ற விடையே.

1989 - 90 காலப்பகுதியில் எம்பிலிப்பிட்டியவிற் கடத்தப்பட்ட சிங்கள மாணவர் வழக்கில், 1999இல் இரத்தினபுரி மேல் நீதிமன்றம் பாடசாலை அதிபரையும் இராணுவத்தினர் சிலரையும் தண்டித்தது. தெற்கின் தாய்மார் விடாது போராடிப் பெற்ற அந்நீதி குறைபாடுடையதேயாயினும், நீதி இயலாததன்று என்பதற்கு அது சான்று. எம்பிலிப்பிட்டியவின் தாயையும் மலையாளபுரத்தின் தாயையும் மொழி பிரிக்கிறது. இழப்பும் வர்க்கமும் இணைக்கின்றன. இவ்விணைப்பை அரசியல் ஐக்கியமாக வளர்த்தெடுப்பதே முற்போக்காளர் முன்னுள்ள பணியாகும்.