நாய்க்குட்டியின் குற்றம்: வீட்டுப் பயிற்சியின் வரலாறு

மகாபாரதத்தின் ஆதிபருவத்தில் பௌஷ்ய பருவம் எனப்படும் பகுதி ஒரு நாய்க்குட்டியின் அழுகையோடு தொடங்குகிறது. குருக்ஷேத்திரத்தில் ஜனமேஜயன் நெடிய வேள்வி ஒன்றை நடத்துகிறான். வேள்விக் களத்துக்குள் வந்த குட்டியை அவனுடைய தம்பியர் மூவர் அடித்து விரட்டுகின்றனர். குட்டி தன் தாய் சரமையிடம் சென்று முறையிடுகிறது. அவிப்பொருளைத் தான் நக்கவில்லை, ஏறிட்டுப் பார்க்கவும் இல்லை என்கிறது. சரமை களத்துக்கு வந்து, குற்றமில்லாத பிள்ளையை எதற்காக அடித்தீர்கள் என்று கேட்கிறாள். அவர்களிடம் விடை இல்லை. கண்ணுக்குப் புலப்படாத அச்சம் உங்களைத் தேடி வரும் என்று சபித்துவிட்டுப் போகிறாள்.

நாய் வளர்ப்பைக் கற்பிக்க எழுந்த கதை அன்று இது. எனினும் நாய்ப் பயிற்சியின் வரலாறு நெடுகிலும் விடை தேடிக்கொண்டிருந்த வினா இதில் இருக்கிறது. அடிபடும் குட்டிக்கு, தான் எதற்காக அடிபடுகிறோம் என்பது தெரியுமா? கடந்த 120 ஆண்டுகளில் வீட்டு நாய்க்குட்டிகளுக்கு என்னென்ன செய்யப்பட்டது என்பதைப் பார்த்தால், இவ்வினாவைக் கேட்பதற்கே நெடுங்காலம் ஆயிற்று என்பது புலனாகும்.

பழைய இந்திய நூல்களில் நாய்ப் பழக்கம் பெரும்பாலும் வேட்டையோடு சேர்ந்தே பேசப்பட்டது. 12ஆம் நூற்றாண்டில் கல்யாணியிலிருந்து ஆண்ட மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரனின் ‘மானசோல்லாசம்’, அரசனின் பொழுதுபோக்குகளுள் ஒன்றாக நாய்களுக்கெனத் தனிப் பகுதி ஒதுக்குகிறது. ஏட்டில் இடம்பெற்றவை அரண்மனை வேட்டை நாய்கள். அடுக்களை வாயிலில் சோற்றுக்குக் காத்திருந்த குட்டிக்கு மனிதர் கற்பித்தது வாய்மொழியாகவும் கைப்பழக்கமாகவும் நின்றுவிட்டது. மேலை நாடுகளிலும் நிலைமை பெரிதும் வேறுபடவில்லை. வேட்டைக்கும் மந்தைக்கும் காவலுக்கும் பயன்பட்ட பெரிய நாய்களைப் பழக்கியோரே பயிற்சி நூல்களை எழுதினர்.

நவீனப் பயிற்சி முறையின் தொடக்கமாகப் பலரும் சுட்டுவது கொன்ராட் மோஸ்ட் என்ற ஜெர்மானியரை. புருசியக் காவல்துறையில் பணியாற்றிய அவர் 1906இல் சார்புருக்கன் நகரில் காவல் நாய்களைப் பழக்கத் தொடங்கினார். அவரது பயிற்சி நூல் 1910இல் வெளிவந்தது. முதல் உலகப் போரின்போது ஜெர்மன் படைக்கு நாய்களைத் திரட்டிப் பழக்கும் பணியிலும் ஈடுபட்டார். மோஸ்ட்டைக் கொடியவர் என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட முடியாது. நாய் மனிதனைப்போல் நன்மை தீமைகளை எண்ணிப் பார்த்து நடப்பதில்லை, செயலும் அதன் விளைவும் அடுத்தடுத்து நிகழ்ந்தால்தான் அது கற்கிறது என்று தெளிவாக உணர்ந்தவர் அவர். பரிசின் பயனையும் அறிந்திருந்தார். ஆனால் அவர் முன் நின்றவை குற்றவாளியைப் பாய்ந்து பிடிக்க வேண்டிய வளர்ந்த நாய்கள். கீழ்ப்படிய மறுக்கும் நாயை வாராலும் பிரம்பாலும் வலிந்து பணியவைப்பது அவரது முறையில் இன்றியமையாத இடம் பெற்றது.

இம்முறை பயிற்சித் திடலோடு நிற்கவில்லை. அமெரிக்காவில் 1933இல் ஹெலன் வைட்ஹவுஸ் வாக்கர் என்ற பெண்மணி, தாம் வளர்த்த பூடில் நாய்கள் அழகுப் பொம்மைகள் அல்ல என்று காட்டுவதற்காகக் கீழ்ப்படிதல் போட்டி ஒன்றை நடத்தினார். மூன்றே ஆண்டுகளில் அமெரிக்கன் கென்னல் கிளப் அதற்கு விதிமுறைகள் வகுத்தது. வீட்டு நாய்க்கும் பயிற்சி வேண்டும் என்ற எண்ணம் அங்கே வேரூன்றியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் படைநாய்ப் பயிற்றுநர்கள் பொதுமக்களுக்கு வகுப்பெடுக்கத் தொடங்கினர். அவர்களுள் புகழ்பெற்றவர் வில்லியம் கோலர். போர்க்காலத்தில் படைநாய்களைப் பழக்கியவர், பின்னர் வால்ட் டிஸ்னி படப்பிடிப்பு நிறுவனத்தின் விலங்குப் பயிற்றுநர். 1962இல் வெளிவந்த அவரது நூல் மிகப் பரவலாக விற்பனையானது. இழுத்தால் கழுத்தை இறுக்கும் சங்கிலியும் அதைச் சட்டென்று சுண்டி இழுப்பதும் இவ்வாறு வீடுகளுக்குள் நுழைந்தன.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இத்தகைய முறைகளைக் குட்டிகள் தாங்கமாட்டா என்பதைப் பயிற்றுநர்களும் அறிந்திருந்தனர். ஆகவே ஆறு மாதம் நிறைந்த பின்னரே பயிற்சி என்பது மரபாயிற்று. அந்த ஆறு மாதங்களில் குட்டி எதைக் கற்றது என்று பெரும்பாலோர் கேட்கவில்லை. தரையில் சிறுநீர் கழித்தால் மூக்கை அதில் தேய்ப்பது, சுருட்டிய செய்தித்தாளால் அடிப்பது ஆகிய இரண்டும் இந்த வெற்றிடத்தை நிரப்பிய வீட்டு வைத்தியங்கள்.

அடக்குமுறைக்கு அறிவியலின் முத்திரையும் கிடைத்தது. ருடால்ஃப் ஷெங்கல் என்ற சுவிட்சர்லாந்து ஆய்வாளர் பாசல் விலங்குக்காட்சிச் சாலையில் அடைபட்டிருந்த ஓநாய்களை ஆராய்ந்து 1947இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தலைமைக்காக ஓநாய்கள் இடைவிடாது மோதிக்கொள்வதை அது விவரித்தது. டேவிட் மெக் 1970இல் எழுதிய ‘தி உல்ஃப்’ என்ற நூல் வழியாக, கூட்டத்தை அடக்கியாளும் ‘ஆல்ஃபா’ ஓநாய் என்ற கருத்து பரவலாகப் பேசப்பட்டது. நாய் ஓநாயின் வழிவந்தது, எனவே வீட்டில் மனிதன் ‘ஆல்ஃபா’வாக இருக்க வேண்டும் என்று பயிற்றுநர்கள் முடிவுகட்டினர். நியூயார்க் மாநிலத்தின் நியூ ஸ்கீட் துறவிகள் 1978இல் வெளியிட்ட நூல், நாயைப் புரட்டி மல்லாக்கப் பிடித்து அடக்கும் முறையைப் பரிந்துரைத்தது.

பிழை அடித்தளத்திலேயே இருந்தது. அடைப்பிடத்து ஓநாய்களின் நடத்தை காட்டில் வாழும் ஓநாய்களுக்குப் பொருந்தாது. கனடாவின் எல்ஸ்மியர் தீவில் பல கோடைகளைக் கழித்து ஓநாய்களைக் கவனித்த மெக், 1999இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் தம் பழைய கருத்தைத் திருத்தினார். காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தந்தை, பிள்ளைகள் அடங்கிய குடும்பம். அதன் தலைமை போரிட்டு வென்றது அன்று, பெற்றோர் என்ற நிலையால் அமைந்தது. தமது பழைய நூலை மேலும் அச்சிட வேண்டாம் என்று மெக் பதிப்பகத்தாரைக் கேட்டுக்கொண்டார். நியூ ஸ்கீட் துறவிகளும் 2002 பதிப்பில் மல்லாக்கப் புரட்டும் முறையைக் கைவிட்டனர். நூல்கள் திருந்திய வேகத்தில் வழக்கம் திருந்தவில்லை. ‘யார் தலைவன் என்று நாய்க்குக் காட்டு’ என்ற அறிவுரை இன்றும் கேட்கிறது.

மாற்று வழி இதே காலத்தில் வேறு இடங்களில் உருவாகிக்கொண்டிருந்தது. அதன் தொடக்கத்திலும் ஒரு சிறு நாய் நிற்கிறது. பிரிஸ்டலில் பேராசிரியராக இருந்த லாயிட் மார்கனின் டோனி என்ற ஃபாக்ஸ் டெரியர், வீட்டு இரும்புக் கதவின் தாழைத் தலையால் நெம்பித் திறந்துகொண்டு தெருவுக்கு ஓடும். பார்த்தோர் அதன் அறிவை வியந்தனர். மார்கனோ தொடக்கம் முதலே கவனித்து வந்திருந்தார். கம்பிகளுக்கிடையே தலையை நுழைத்து வெளியே வேடிக்கை பார்த்தபோது தற்செயலாகத் தாழ் விலகியது. பின்னர் வீண் முயற்சிகள் மெல்லக் குறைந்து, பலன் தந்த செயல் மட்டும் எஞ்சியது. 1894இல் வெளிவந்த அவரது ஒப்பீட்டு உளவியல் நூல் இதைப் பதிவு செய்கிறது. டோனிக்கு எவரும் கட்டளையிடவில்லை, எவரும் அடிக்கவில்லை. திறந்த கதவே பரிசாக இருந்து கற்பித்தது.

இக்கருத்தை வளர்த்தெடுத்த பி. எஃப். ஸ்கின்னர் 1951இல் ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் விலங்குகளுக்குக் கற்பிப்பது குறித்து எழுதினார். அழுத்தினால் ‘டிக்’கென்று ஒலிக்கும் சிறு விளையாட்டுப் பொருளும் கொஞ்சம் உணவும் இருந்தால், வீட்டிலேயே எவரும் நாய்க்குக் கற்பிக்கலாம் என்றார். சரியான செயல் நிகழும் நொடியில் ஒலி, உடனே உணவு. இன்று ‘கிளிக்கர்’ பயிற்சி எனப்படுவதன் அடிப்படை இதுவே. அவருடைய மாணவர்களான கெல்லர், மரியன் பிரெலண்டு இணையர் இம்முறையை ஆய்வுக்கூடத்துக்கு வெளியே கொண்டுவந்து பலவகை விலங்குகளைப் பழக்கினர்.

குட்டியின் வயது குறித்த மௌனத்தைக் கலைத்தது அமெரிக்காவின் பார் ஹார்பரில் உள்ள ஜாக்சன் ஆய்வகம். அங்கே ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் இருவரும் ஐந்து இன நாய்களைப் பல்லாண்டுகள் ஆராய்ந்து 1965இல் நூல் வெளியிட்டனர். பிறந்த மூன்றாம் வாரம் முதல் ஏறத்தாழ 12ஆம் வாரம் வரை, எவர் தன் உறவு, எது அஞ்சத் தகாதது என்பதைக் குட்டியின் மனம் வரையறுத்துக்கொள்கிறது என்பது அவ்வாய்வுகளின் முதன்மையான முடிவு. அதே ஆய்வகத்தைச் சேர்ந்த மற்றொரு சோதனை 1961இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியானது. அதில் 14 வாரம் வரை மனிதத் தொடர்பே இல்லாமல் வளர்ந்த குட்டிகளைப் பின்னர் எவ்வளவு முயன்றும் மனிதரோடு இயல்பாகப் பழகவைக்க முடியவில்லை. ஆறு மாதம் காத்திருந்த பழைய மரபு, கற்பதற்கு மிக உகந்த பருவத்தை வீணாக்கிக்கொண்டிருந்தது. கலிபோர்னியாவில் கால்நடை மருத்துவர் இயன் டன்பார் 1980களின் தொடக்கத்தில் குட்டிகளுக்கென்றே வார் இல்லாத வகுப்புகளைத் தொடங்கியது இவ்வறிவின் நடைமுறை விளைவு.

சரமையின் வினாவுக்கு நேரடியாக விடை தந்த ஆய்வு 2009இல் வந்தது. செய்த தவற்றை நாய் உணர்கிறது, அதனால்தான் தலை கவிழ்ந்து கண்ணைத் திருப்புகிறது என்று வளர்ப்போர் உறுதியாக நம்புகின்றனர். அலெக்சாண்ட்ரா ஹொரோவிட்ஸ் 14 நாய்களை வைத்து இதைச் சோதித்தார். தடுக்கப்பட்ட தின்பண்டத்தை நாய் தின்றதா இல்லையா என்பதை உரிமையாளருக்குச் சில வேளைகளில் மாற்றிச் சொன்னார். ‘குற்ற உணர்ச்சி’ என்று கருதப்படும் தோற்றம், நாய் தின்றதைப் பொறுத்து அமையவில்லை, உரிமையாளர் கடிந்துகொண்டதைப் பொறுத்தே அமைந்தது. தின்னாமலே திட்டு வாங்கிய நாய்களிடம் அது மிகுதியாகவும் தெரிந்தது. மாலையில் வீடு திரும்பியவர் காலையில் நனைந்த பாயைக் காட்டி அடிக்கும்போது குட்டி கற்பது ஒன்றே: வீடு திரும்பும் மனிதர் அஞ்சத்தக்கவர். கண்ணுக்குப் புலப்படாத அச்சம் என்ற சாபம் இங்கே அடித்தவரை விட்டு அடிபட்ட உயிரைப் பற்றிக்கொள்கிறது.

இந்திய நகரங்களில் இவ்வரலாறு தனியொரு வடிவம் கொண்டது. ‘பொமரேனியன்’ என்ற பெயரில் வீடுதோறும் வளர்ந்த இந்தியன் ஸ்பிட்ஸ், 1994இல் வெளிவந்த ‘ஹம் ஆப்கே ஹைன் கோன்’ இந்திப் படத்தின் டஃபி வழியாக நாடு முழுவதும் அறிமுகமானது. தாய்மொழி எதுவாயினும், நாயிடம் ‘சிட்’, ‘கம்’, ‘நோ’ என்று ஆங்கிலத்தில் பேசும் வழக்கம், பயிற்சி எத்திசையிலிருந்து வந்தது என்பதைக் காட்டும். ஆனால் ஜெர்மன் ஷெப்பர்டுக்கு உருவான முறை ஸ்பிட்ஸுக்குப் பொருந்துவதில்லை. பொமரேனியன் போன்ற சிற்றினங்களின் மூச்சுக்குழல் எளிதில் நலிவுறக்கூடியது. சுண்டி இழுக்கும் சங்கிலி அதற்குக் கேடு. சிறுநீர்ப்பை சிறியது; உறங்கி எழுந்ததும், உண்டதும், விளையாடி முடித்ததும் உரிய இடத்துக்கு அழைத்துச் சென்று, அங்கே கழித்த உடனே பாராட்டுவதே பயன் தரும். வியன்னா ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வு, சிறிய நாய்களை வளர்ப்போர் விதிகளை ஒரே சீராகக் கடைப்பிடிப்பதில்லை என்றும், பயிற்சியிலும் விளையாட்டிலும் குறைவாகவே ஈடுபடுகின்றனர் என்றும் கண்டது. தண்டனை மிகுந்த இடத்தில் சிறிய நாய்களிடம் அச்சமும் மிகுந்திருந்தது. கடித்தாலும் சிரித்துக்கொண்டே தூக்கிக் கொஞ்சுவது, மறுநாள் அதே செயலுக்கு அடிப்பது என்ற முரண்பாட்டைச் சிறிய உருவமே வரவழைத்துக்கொள்கிறது.

இதன் விலை சிறியதன்று. அஞ்சிய நாய் கடிக்கிறது; கடித்த நாய் தெருவில் விடப்படுகிறது. வளர்த்த விலங்கைத் தக்க காரணமின்றிக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஆயினும் ஒரு காலத்தில் மடியில் இருந்த வெள்ளை ஸ்பிட்ஸ் குப்பைத்தொட்டியருகே நிற்பதை நகரங்களில் காண முடிகிறது.

2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க விதிகள் எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்பதைத் தடை செய்கின்றன. தாயிடமிருந்து முன்கூட்டியே பிரிப்பதைத் தடுக்கும் நல்ல விதி இது. ஆனால் எட்டு வாரத்தில் வீடு வரும் குட்டிக்கு, உலகைப் பழகிக்கொள்ளும் பருவத்தில் ஏறத்தாழ நான்கு வாரங்களே எஞ்சியுள்ளன. பார்வோ நோய்க்கு அஞ்சி, தடுப்பூசிகள் முடியும்வரை குட்டியை அறைக்குள்ளேயே வைத்திருந்தால் அதுவும் கழிந்துவிடும். நோயச்சம் நியாயமானது, தெருத்தரையில் குட்டியை விடுவது ஆபத்து. இவ்விடத்தில் சிறிய நாய்க்கு அதன் உருவமே துணையாகிறது. அதைக் கையில் ஏந்தி மாடிப்படிக்கும் கடைவீதிக்கும் ஆட்டோவுக்கும் கொண்டுசெல்லலாம். குக்கர் விசிலையும் மழைக்கோட்டு அணிந்த மனிதரையும் பள்ளிவிட்டு ஓடிவரும் பிள்ளைகளையும் ஒரு துண்டு உணவோடு அறிமுகப்படுத்தலாம். பயிற்சித் திடலின் மரபு ஆறாம் மாதத்தில் தொடங்க நினைத்த கல்வியின் பெரும்பகுதி, அந்த நான்கு வாரங்களில் எவருடைய குரலும் உயராமலே நடந்து முடிந்துவிடும்.