மருந்தடும் பெண்டுகளும் மறதியுற்றோர் இல்லங்களும்

முதுமை மறதியுற்றோரைப் பேணும் காரியம் நம் நாட்டில் எப்போது ஒரு பயிற்சிக்குரிய தொழிலாயிற்று என்னும் கேள்வியைக் கையிலெடுக்கும் எவரும், லாரன்ஸ் கோஹன் என்னும் அமெரிக்க மானிடவியலாளரைச் சந்திக்காமல் அப்பால் செல்ல இயலாது. 1998இல் வெளிவந்த 'நோ ஏஜிங் இன் இந்தியா' என்னும் அவருடைய நூல், காசி நகரத்துத் தெருக்களிலும் வீடுகளிலும் அவர் இருந்து கேட்ட பேச்சுகளை அடித்தளமாகக் கொண்டது. கூட்டுக் குடும்பம் என்றொரு பொற்காலம் இருந்தது, மேல்நாட்டு நாகரிகமும் நகர வாழ்க்கையும் வந்து அதைச் சிதைத்தன, ஆகவே முதியோர் கைவிடப்பட்டனர் என்று இந்திய முதுமையியலார் அனைவரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிவந்த கதையை அவர் பிரித்துப்போட்டுப் பரிசோதித்தார். 'கெட்ட குடும்பம்' என்னும் பிம்பம் எப்படி உண்டாக்கப்பட்டது என்பதைக் காட்டினார். அந்த மட்டில் நாம் அவருக்குக் கடமைப்பட்டவர்கள். என் ஆட்சேபம் அவர் எழுதியதைக் குறித்துச் சிறிதும், எழுதாமல் விட்டதைக் குறித்துப் பெரிதும் ஆகும்.

காசியில் ஒரு கிழவருக்குப் புத்தி தளர்ந்துவிட்டது என்று அக்கம்பக்கத்தார் பேசும்போது, அவர்கள் முதலில் சுட்டுவது மறதியை அன்று, கோபத்தை என்பது கோஹனின் முக்கியமான கண்டுபிடிப்பு. மூளை சூடேறிவிட்டது என்பார்கள். அறுபது என்னும் எண்ணிலிருந்து பிறந்த 'சடியானா' என்னும் ஹிந்திச் சொல்லை வழங்குவார்கள். அந்தக் கூச்சலை வியாதியின் குறியாகக் கேட்பதா, மருமகளின் கொடுமைக்குச் சாட்சியமாகக் கேட்பதா என்பது கேட்பவர் எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்தது என்று அவர் வாதிக்கிறார். இதை வட இந்தியாவுக்கு நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தெற்கே சொற்கள் வேறு திசையில் போகின்றன. திருச்சூர்ப் பக்கத்தில் இந்நிலையைச் 'சின்னன்' என்று குறிப்பதாக டாக்டர் கே. எஸ். ஷாஜியும் அவருடைய சகாக்களும் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதினார்கள். யாழ்ப்பாணத்தார் பேச்சில் இன்றும் சிறியது என்னும் பொருளில் வழங்கும் அதே சொல்தான் அது. சேலம் நாமக்கல் சமவெளியில் 'புத்தி மாறிப்போச்சு' என்பதற்கு அடுத்தபடியாக நம் காதில் விழுவது 'கொழந்தையாட்டம் ஆயிட்டாங்க' என்பதே. வடக்கே சூடாகக் கேட்கப்பட்டது இங்கே சிறுமையாகக் கேட்கப்படுகிறது. இவ்வேறுபாடு அற்பமன்று. குழந்தை என்று பெயரிட்டுவிட்டால் கொஞ்சலாம், ஊட்டலாம். அதே உரிமையில் அதட்டலாம், அறைக்குள் வைத்துத் தாழிடவும் செய்யலாம். நம் பக்கத்தில் பயிற்சி என்று ஒன்று வந்தபோது, அது முதலில் உடைக்கவேண்டியிருந்தது இந்தச் சொல்லைத்தான்.

கோஹனின் அரங்கில் கிழவர் இருக்கிறார், உறவினர் இருக்கிறார்கள், அயலார் இருக்கிறார்கள், வைத்தியரும் பேராசிரியரும் வந்து போகிறார்கள். கூலிக்கு அமர்த்தப்பட்ட கை ஒன்று, தனக்கென ஓர் அறிவுடைய கையாக, என் வாசிப்பில் அங்கே காணக் கிடைக்கவில்லை. சேலத்தை அடுத்த ஆட்டையாம்பட்டியில் நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். இவ்வூரின் கைமுறுக்கு பிரசித்தமானது. வெகுகாலம் அத்தொழிலில் இருந்த ஒரு மூதாட்டி, பெற்ற மகளையே 'அக்கா' என்று கூப்பிடும் நிலைக்கு வந்துவிட்டார்; பொழுது சாய்ந்தால் வீட்டுக்குப் போகவேண்டும் என்று வாசலுக்கு ஓடுவார், தடுத்த கையை அடிப்பார். மகளுடைய அன்பில் யாதொரு குறையும் இல்லை. கேரளத்தில் ஓர் இல்லத்தில் வேலை பழகித் திரும்பிய ஓர் இளம்பெண்ணைப் பகலுக்கு அமர்த்தினார்கள். அவள் மூன்றாம் நாள் மாலை, ஓட்டம் தொடங்கும் நேரத்துக்குச் சற்று முன்னதாக, ஈரம் பிழிந்த வெள்ளைத் துணியொன்றை விரித்து, பிசைந்த மாவில் ஓர் உருண்டையை அவர் முன் வைத்தாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தாமே இழையை முறுக்கத் தொடங்கின. ஒரு சுற்று, அதை அணைத்து இன்னொரு சுற்று, கடைசி முனையை அழுத்தி ஒட்டியபின் அடுத்த உருண்டைக்குக் கை நீண்டது. 'உனக்கெப்படிக் கண்ணு தெரிஞ்சுது?' என்று மகள் கேட்டார். 'அங்க மொதல்ல சொல்லிக்குடுக்கறதே அதுதானுங்க அக்கா. இவிய முந்தி என்ன வேலை செஞ்சாங்கன்னு கேட்டு எழுதி வெச்சுக்கோணும்னு' என்றாள். குடும்பம் நல்லதா கெட்டதா என்னும் விசாரணையில் இந்தப் பெண்ணுக்கு இடமே இல்லை. கோஹனின் நூலுக்கு என் மறுப்பு முழுவதும் இவ்வளவில் அடங்கும்.

இதற்கு நேர் எதிரான பிழையைச் செய்வோரும் உண்டு. பராமரிப்புத் தொழில் நம் நாட்டில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது என்று பெருமிதத்தோடு எழுதுவோர் திருமுக்கூடல் கல்வெட்டைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். பாலாற்றோடு செய்யாறும் வேகவதியும் கூடும் அவ்வூரின் வேங்கடேசப் பெருமாள் கோயிலில், வீரராசேந்திர சோழன் காலத்தில் பொறிக்கப்பட்ட அச்சாசனம், பதினைந்து படுக்கைகள் கொண்ட ஓர் ஆதுலசாலையை வருணிக்கிறது. அதன் காலம் ஏறத்தாழ 1068. ஆட்சியாண்டைக் கணக்கிடும் முறையால் ஓராண்டு முன்பின்னாகலாம், அதைத் தீர்த்துச் சொல்ல நான் முற்படவில்லை. வைத்தியர் ஒருவர், சல்லியக்கிரியை செய்வார் ஒருவர், மூலிகை கொணர்வார் இருவர், நாவிதர் ஒருவர் என்று பணியாளர் வரிசை செல்கிறது. அவரவர்க்கு நெல்லும் காசும் விதிக்கப்பட்டுள்ளன. அவ்வரிசையில் 'மருந்தடும் பெண்டுகள்' இருவர் வருகிறார்கள். இவர்களைத்தான் நம்மவர் 'செவிலியர்' என்று பெயர்த்துவிடுகிறார்கள்.

அடுதல் என்பது சமைத்தல். அடுப்பும் அடுக்களையும் அந்த வினையோடு உறவுடையன. மருந்தடும் பெண்டுகள் கஷாயம் காய்ச்சினார்கள், தைலம் இறக்கினார்கள் என்பதற்கு மேல் அச்சொல் ஒன்றும் தரவில்லை. காய்ச்சியதை நோயாளிக்குப் புகட்டியவரும் அவர்களாகவே இருந்திருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நோயாளியின் பக்கத்தில் இருந்து, அவன் பிதற்றினால் கேட்டு, எழுந்து நடந்தால் கூடவே நடப்பதற்காக ஊதியம் பெற்றவர் எவரும் அப்பட்டியலில் இல்லை. சாசனம் சுருக்கமானது, எல்லாரையும் சொல்லியிராது என்று ஆட்சேபிக்கலாம். முகம் மழிக்கும் நாவிதரைக்கூட மறவாத பட்டியல் அது என்பதே என் விடை. மௌனத்தை ஆதாரமாக்கும் வாதம் இது, இதன் பலவீனம் எனக்குத் தெரியும். ஆயினும் சமையலைச் சுசுருஷை என்று படிக்கும் வாதத்தைவிட இது பலமுள்ளதென்றே எண்ணுகிறேன். அச்சமையல் சம்பிரதாயம் நெடுங்காலம் தொடர்ந்தது. 1782இல் பஞ்சத்துக்காகச் சென்னையில் எழுந்த மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்த ஸ்டான்லி மருத்துவமனையை ஜனங்கள் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்றே அழைத்தார்கள்.

மருத்துவத் துறையில் நடந்தது தெரிந்த கதை. 1978இல் டாக்டர் வி. எஸ். நடராஜன் சென்னை அரசு பொது மருத்துவமனையில் முதியோர்க்கெனப் புறநோயாளர் பிரிவைத் தொடங்கினார். பத்தாண்டு கழித்து உள்நோயாளர் வார்டும் வந்தது. ஆனால் இல்லங்களில் வேலை செய்வோரின் பயிற்சி அந்த வழியாக வந்ததென்று நான் நம்பவில்லை. அது கொச்சியிலிருந்து வந்தது என்பது என் கட்சி. அங்கே 1992இல் டாக்டர் ஜேக்கப் ராய் குரியாகோஸ் அல்சைமர்ஸ் சங்கத்தை நிறுவினார்; கோஹனின் நூல் வெளிவந்த அதே 1998இல் அதே கொச்சியில் கூடிய மாநாட்டை ஒட்டி 10/66 ஆராய்ச்சிக் குழு பிறந்தது. மறதியுற்றோரில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் இருக்க, ஆராய்ச்சியில் பத்தில் ஒரு பங்குகூட அவர்களைப் பற்றியதாயில்லை என்பதே அப்பெயரின் பொருள். அக்குழு வகுத்த ஐந்து அமர்வுப் பாடம் வீட்டாருக்கானது: முதல் அமர்வில் குடும்பத்தின் நிலையை அறிதல், அடுத்த இரண்டில் நோயை விளக்குதல், இறுதி இரண்டில் அலைச்சல், அடித்தல், திரும்பத் திரும்பக் கேட்டல் முதலியவற்றைக் கையாளும் முறை. கற்பிப்பவர் வைத்தியராக இருக்கவேண்டியதில்லை. கோவாவில் 81 குடும்பங்களிடையே நடந்து 2008இல் வெளியான பரிசோதனையில், பள்ளியிறுதி படித்த சாதாரணப் பணியாளர்கள் ஒரு வாரப் பயிற்சியோடு வீடு வீடாகச் சென்றார்கள். பேணுவோரின் மனவேதனை குறைந்தது.

வீட்டாருக்கான இப்பாடம் இல்லத்துக்குள் நுழைந்ததற்கு எனக்குக் கிடைத்த சாட்சியம் ஒரு சொல்லே. மறதி இல்லங்களில் பணிபுரிவோர் தம்மை நர்ஸ் என்றும் சொல்வதில்லை, ஆயா என்றால் முகம் சுளிக்கிறார்கள், 'கேர்கிவர்' என்கிறார்கள். அச்சொல் நம் பக்கம் வந்தபோது குறித்தது மகளையும் மருமகளையும் மனைவியையும்தான். ஆஸ்பத்திரிப் பயிற்சி வழியாக இத்தொழில் வந்திருந்தால், பெயரும் ஆஸ்பத்திரிப் பெயராகவே இருந்திருக்கும். ஒரு சொல்லின்மேல் ஒரு சரித்திரத்தை ஏற்றுவது சுமை மிகுதி என்பார்கள். நம் ஆட்டையாம்பட்டிப் பெண் முதலில் கற்றதும் ஜுரம் பார்க்க அன்று, முந்தைய வேலையை விசாரிக்க என்பதை அவர்களுக்கு நினைவூட்டுவேன்.

பயிற்சியால் பராமரிப்பின் தரம் உயருமா என்பதில் மேல்நாட்டுச் சான்றுகள் ஒருமுகமாக இல்லை. இங்கிலாந்தில் 12 இல்லங்களில் நடந்து 2006இல் வெளியான ஆய்வில், ஊழியரைப் பயிற்றி உடனிருந்து உதவிய இல்லங்களில் மனநோய் மாத்திரை உண்போர் 23 விழுக்காடாயினர், மற்றவற்றில் 42. பின்னர் 69 இல்லங்களில் நடந்த பெரிய ஆய்விலும் படபடப்பு குறைந்து வாழ்க்கைத் தரம் உயர்ந்தது. ஆனால் 50 இல்லங்களில் வேறொரு முறையைப் புகுத்திய ஆய்வு பலனைக் காட்டவில்லை; பெரும்பாலான இல்லங்கள் அம்முறையைக் குறித்தபடி நடத்தி முடிக்கவே இல்லை. ஒருமுறை வகுப்பெடுத்துச் சான்றிதழ் கொடுத்துவிட்டு நகர்வது பயிற்சியாகாது என்று நான் இவற்றிலிருந்து கொள்கிறேன். இது சிறிய விஷயமன்று: 2023இல் வெளியான கணக்கின்படி இந்தியாவில் மறதியுற்றோர் 88 லட்சம் பேர்.

1992க்கும் 2010க்கும் இடையே தமிழ்நாட்டு இல்லங்களில் யார் யாருக்கு, எந்த மொழியில், எந்தப் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள் என்பது நூலகங்களில் இல்லை. பணியாளர் வருகைப் பதிவேடுகளிலும், தட்டச்சுப் பாடத் தாள்களிலும், பரணில் கிடக்கும் நோட்டுப் புத்தகங்களிலும் இருக்கக்கூடும். அவற்றை வைத்திருக்கும் இல்லத்தார் பழைய காகிதக்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாமல், ஆராய்வோர் கேட்டால் காட்டுமாறு வேண்டிக்கொள்கிறேன்.