சாவி யார் கையில்? கார் ஸ்டீரியோ கடையும் காப்பீடும்

கார் ஸ்டீரியோ விற்று, அதை வண்டியில் மாட்டியும் தருகிற கடைக்கு என்ன இன்சூரன்ஸ் வேண்டும்? யாரைக் கேட்டாலும் முதலில் வரும் பதில் தீ, திருட்டு. ரேக்கில் இருக்கும் ஸ்டீரியோ, ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபையர், ரிவர்ஸ் கேமரா எல்லாமே சின்னச் சின்னப் பொருட்கள், விலையோ அதிகம். திருடனுக்குத் தூக்கிப் போக வசதி. நியாயமான பதில்தான். ஆனால் அந்தக் கடையில் இருப்பதிலேயே விலை கூடின பொருள் ரேக்கில் இல்லை. டாஷ்போர்டு கழற்றப்பட்டு, வயர்கள் வெளியே தொங்க, கடை வாசலில் நிற்கிறது. பத்து லட்ச ரூபாய் கார். அது கடைக்காரருடையதும் இல்லை.

நான் இன்சூரன்ஸ் துறை ஆள் இல்லை, மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். பழைய புரோகிராம் ஒன்றைத் திறந்தால் நடுவில் ஒரு விநோதமான 'இஃப்' வரி இருக்கும். எதற்கு என்று தோண்டினால், என்றோ ஒருநாள் நடந்த கோளாறுக்கு யாரோ போட்ட ஒட்டாக இருக்கும். பாலிசி வாசகங்களும் அப்படித்தான். விலக்குகள் பகுதியைத் தோண்டினால் அடியில் பழைய வழக்குகள் கிடக்கின்றன. கார் ஸ்டீரியோ கடையை வைத்துக்கொண்டு அந்த வழக்குகளைத் தேடிப் போனதில் கிடைத்தவை இவை.

சிகாகோ, 1930

காருக்குள் ரேடியோவை வியாபாரமாக நிலைநிறுத்தியவர்களில் முக்கியமானவர் பால் கால்வின். தம்பி ஜோசப்புடன் சேர்ந்து 1928-இல் சிகாகோவில் கால்வின் மேனுஃபேக்சரிங் கார்ப்பரேஷனைத் தொடங்கினார். 1930-இல் அவர்கள் கொண்டுவந்த கார் ரேடியோவுக்கு வைத்த பெயர் மோட்டரோலா. 1947-இல் நிறுவனத்தின் பெயரே அதுவாகிவிட்டது.

மோட்டரோலா வரலாற்றைச் சொல்பவர்கள் தவறாமல் சொல்லும் கதை ஒன்று உண்டு. கடன் வாங்குவதற்காக வங்கிக்காரர் ஒருவரை அசத்த நினைத்து, அவருடைய பேக்கார்டு காரிலேயே கால்வின் ஒரு ரேடியோவை மாட்டிக் கொடுத்தாராம். அரை மணி நேரத்தில் கார் தீப்பிடித்தது. கடன் கிடைக்கவில்லை. அதன்பின் 1930 ஜூனில் தன் ஸ்டூடிபேக்கர் காரில் ரேடியோவை வைத்துக்கொண்டு அட்லாண்டிக் சிட்டி மாநாட்டுக்குப் போய், வாசலில் நிறுத்திச் சத்தமாகப் பாடவிட்டு ஆர்டர் பிடித்தார் என்று கதை தொடரும்.

வெற்றிக்கதையாகத்தான் இதைச் சொல்வார்கள். எனக்கு முதல் பாதிதான் முக்கியமாகப் பட்டது. இந்தத் தொழில் பிறந்த கதையிலேயே, மாட்டிக் கொடுத்த ரேடியோவால் அடுத்தவர் கார் எரிகிறது!

மாட்டுவது அன்று சாதாரண வேலை இல்லை. டாஷ்போர்டைப் பிரிக்க வேண்டும், ஆன்டெனாவுக்காகக் கூரையின் உட்புறத்தை அறுக்க வேண்டும், ரேடியோவுக்கென்று தனி பேட்டரிகளுக்கு இடம் பார்க்க வேண்டும். இரண்டு பேர் நாள் கணக்கில் செய்த வேலை. அத்தனை நாளும் வண்டி கடையில் நிற்கும்.

எரிவதற்குக் காரணம் எளிய கணக்கு. 600 வாட் மிக்ஸி வீட்டு 230 வோல்ட்டில் 3 ஆம்பியருக்கும் குறைவாகவே இழுக்கும். அதே 600 வாட் ஆம்ப்ளிஃபையர் காரின் 12 வோல்ட்டில் 50 ஆம்பியர் இழுக்கும். வயர் சூடாவது கரன்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால் ஒரே வயரில் இரண்டையும் ஓட்டினால், காரில் சூடு சுமார் 367 மடங்கு. அதனால்தான் தடித்த வயர் போடச் சொல்கிறார்கள், ஃப்யூஸைப் பேட்டரிக்குப் பக்கத்திலேயே வைக்கச் சொல்கிறார்கள். பேட்டரிக்கும் ஃப்யூஸுக்கும் நடுவில் உள்ள வயரைக் காப்பாற்ற யாரும் இல்லை. அந்த இடத்தில் இன்சுலேஷன் உரசித் தேய்ந்து பாடியைத் தொட்டால் பேட்டரி மொத்தமும் அந்த வயர் வழியாகக் கொட்டும்.

சரி, எரிந்துவிட்டது. யார் பணம் தருவது? இந்தக் கேள்விக்குப் பதில் காருக்கு முந்தியது. குதிரைவண்டிக் காலத்து லண்டனில் எழுதப்பட்டது.

பிராந்திப் பீப்பாயிலிருந்து இந்தியச் சட்டம் வரை

ஒருவர் தன் பொருளை இன்னொருவர் கையில் ஒரு வேலைக்காகக் கொடுக்கிறார், வேலை முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வார். விற்பனை இல்லை, தானமும் இல்லை. தையல்காரரிடம் துணி, தட்டானிடம் தங்கம், ஸ்டீரியோ கடையில் கார். சட்டத்தில் இதற்கு பெய்ல்மென்ட் என்று பெயர். ஒப்படைப்பு என்று சொல்லலாம்.

1601-இல் இங்கிலாந்தில் சவுத்கோட் வழக்கு. பாதுகாக்கக் கொடுத்த பொருளைத் திருடன் கொண்டுபோய்விட்டான் என்று வாங்கி வைத்தவர் சொன்னார். நீதிமன்றம் ஏற்கவில்லை. திருடு போனாலும் நீதான் பொறுப்பு என்றது. கிட்டத்தட்ட வாங்கி வைத்தவரே இன்சூரன்ஸ் கம்பெனி என்பது போல.

1703-இல் இது மாறியது. காக்ஸ் என்பவரின் பிராந்திப் பீப்பாய்களை ஒரு நிலவறையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றித் தருவதாக பெர்னார்டு ஒப்புக்கொண்டார். கூலி எதுவும் இல்லை. இறக்கும்போது ஒரு பீப்பாய் உடைந்து பிராந்தி வீணானது. தலைமை நீதிபதி ஜான் ஹோல்ட், கூலி வாங்கினாலும் வாங்காவிட்டாலும் கவனக்குறைவுக்குப் பொறுப்பு உண்டு என்றார். அதோடு நிற்காமல் ஒப்படைப்பை ஆறு வகையாகப் பிரித்து, எந்த வகைக்கு எவ்வளவு கவனம் வேண்டும் என்று விளக்கினார். பொருள் கையில் இருந்தது என்பதற்காக மட்டும் தண்டிக்கக் கூடாது, எப்படிப் பார்த்துக்கொண்டாய் என்று கேட்க வேண்டும் என்ற எண்ணம் இங்கே வேர் பிடிக்கிறது.

அடுத்து வருகிற ஆள் நமக்கு வேறு விதத்தில் தெரிந்தவர். சமஸ்கிருதத்துக்கும் கிரேக்கத்துக்கும் உள்ள உறவைப் பேசிய, 1784-இல் கல்கத்தாவில் ஆசியக் கழகத்தைத் தொடங்கிய வில்லியம் ஜோன்ஸ். இந்தியாவுக்கு நீதிபதியாகக் கப்பல் ஏறுவதற்கு இரண்டு வருடம் முன்னால், 1781-இல், அவர் எழுதிய சட்டப் புத்தகம் ஒப்படைப்பைப் பற்றியதுதான்! ஹோல்ட்டின் தீர்ப்பை அலசி, வேறு நாட்டுச் சட்டங்களோடு ஒப்பிட்டு எழுதினார். மொழிகளை ஒப்பிட்ட அதே மூளை அதற்கு முன்பே சட்டங்களை ஒப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

1872 இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 148-ஆம் பிரிவு ஒப்படைப்பை வரையறுக்கிறது. 151-ஆம் பிரிவு, சாதாரண அறிவுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படிப் பார்க்க வேண்டும் என்கிறது. அப்படிப் பார்த்தும் நஷ்டம் வந்தால், தனி ஒப்பந்தம் இல்லாதவரை பொறுப்பில்லை என்கிறது 152. இன்று ஃபிட்டர் கையில் சாவி போகிற நொடியில் தொடங்குவது இந்த மூன்று பிரிவுகளும்தான். யாரும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை.

ஒரு ஸென் கார், 21 வருடம்

இது காகிதச் சட்டம் இல்லை என்பதற்கு டெல்லி வழக்கு ஒன்று போதும். 1998 ஆகஸ்ட்டில் ஒருவர் தாஜ் மகால் ஹோட்டலுக்கு மாருதி ஸென் காரில் வந்து, வேலட்டிடம் சாவியைக் கொடுத்துவிட்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது கார் இல்லை. வேறு யாரோ ஓட்டிப் போய்விட்டார்கள். அவருடைய இன்சூரன்ஸ் கம்பெனி 2,80,000 ரூபாய் கொடுத்தது.

கதை இங்கே முடிந்துவிடும் என்றுதான் நாம் நினைப்போம். முடியவில்லை. கொடுத்த பணத்தைக் கேட்டு இன்சூரன்ஸ் கம்பெனி ஹோட்டல் மீது வழக்குப் போட்டது. பணம் கொடுத்தவர் உரிமையாளரின் இடத்தில் நின்று, நஷ்டத்துக்குக் காரணமானவரைக் கேட்கலாம். சப்ரோகேஷன் என்பார்கள். பார்க்கிங் சீட்டில் 'உரிமையாளர் பொறுப்பில்' என்று அச்சடித்திருக்கிறோம் என்றது ஹோட்டல். உச்ச நீதிமன்றம் 2019 நவம்பரில் தீர்ப்பளித்தது. சாவி கைமாறியதால் இது ஒப்படைப்பு. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டோம் என்று நிரூபிக்கும் பாரம் ஹோட்டலுக்கு. அதை நிரூபிக்காமல் சீட்டு வாசகத்துக்குப் பின்னால் ஒளிய முடியாது.

ஹோட்டலுக்கு 2,80,000 பெரிய தொகை இல்லை. ஆனால் அந்த இடத்தில் இரண்டு ஃபிட்டர் வைத்துத் தொழில் செய்யும் கடையை வைத்துப் பாருங்கள். 'கஸ்டமருக்குத்தான் இன்சூரன்ஸ் இருக்கே, அவர் கிளெய்ம் பண்ணிக்குவார்' என்ற நம்பிக்கை எவ்வளவு ஆபத்தானது! கஸ்டமர் சண்டை போடாமல் போய்விடலாம். அவருடைய இன்சூரன்ஸ் கம்பெனி பின்னால் வரும்.

பாலிசியில் இருக்கும் ஓட்டை

கடைக்காரர் புத்திசாலி, பொறுப்புக் காப்பீடும் எடுத்து வைத்திருக்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். இந்தியாவில் கடைக்காரர்களுக்கென்று விற்கும் தொகுப்புப் பாலிசிகளில் தீ, திருட்டு, கல்லாப் பணம், கண்ணாடி ஆகியவற்றோடு பொதுப் பொறுப்பும் ஒரு பிரிவாக வரும். வாடிக்கையாளர் கடையில் வழுக்கி விழுந்தால் அது உதவும். வாடிக்கையாளர் கார் எரிந்தால்?

அமெரிக்காவில் 1940-களின் தொடக்கத்தில் பொதுப் பொறுப்புக்கு ஒரே மாதிரியான பாலிசி வடிவம் வந்தது. இந்த வகைப் பாலிசிகளில் நிலைத்துவிட்ட ஒரு விலக்கு: காப்பீடு எடுத்தவரின் பராமரிப்பிலோ, பொறுப்பிலோ, கட்டுப்பாட்டிலோ உள்ள பிறர் பொருளுக்கு நஷ்ட ஈடு இல்லை. உன் கையில் இருக்கும் பொருளுக்கு ஆபத்து தினசரி, அதைத் தனியாக எண்ணித் தனியாகப் பிரீமியம் கட்டு என்பது அவர்கள் வாதம். ஆக, எந்தப் பொருளுக்கு ஹோல்ட் காலத்திலிருந்து சட்டம் பொறுப்பைக் கடைக்காரர் தலையில் வைத்ததோ, அதே பொருளைப் பொதுப் பாலிசி வெளியே தள்ளுகிறது.

இந்த ஓட்டையை அடைக்க அங்கே வந்தது 'கேராஜ்கீப்பர்ஸ்' காப்பீடு. அதில் இரண்டு முக்கிய வகைகள். கடைக்காரர் மீது சட்டப்படி தவறு இருந்தால் மட்டும் தருவது ஒன்று. தவறு யாருடையது என்று பார்க்காமல் தருவது இன்னொன்று, பிரீமியம் கூட. 2015 டிசம்பர் சென்னை வெள்ளம் போல ஒன்று வந்து கடையில் நின்ற கார் மூழ்கினால் வித்தியாசம் தெரியும். கடைக்காரர் கவனமாக இருந்தார் என்றால் முதல் வகை எதுவும் தராது, இரண்டாவது தரும். முதல் வகை 1703-இன் வாரிசு, இரண்டாவது 1601-இன் வாரிசு என்று எனக்குத் தோன்றுகிறது.

நம்மூரிலும் இதற்கு இணையான ஏற்பாடு இருக்கிறது. 2002 இந்திய மோட்டார் கட்டண விதிகளில் 'மோட்டார் டிரேட்' என்று தனி வகுப்புகள் உண்டு. கடை வளாகத்துக்குள் நேர்வதற்கு ஒன்று, சாலையில் ஓட்டும்போது நேர்வதற்கு வேறொன்று. 'ஸ்பீக்கர் சத்தம் எப்படி இருக்குன்னு ஒரு ரவுண்டு போய்ட்டு வரேன்' என்று ஃபிட்டர் வண்டியைக் கேட்டுக்கு வெளியே எடுத்தால், வளாகத்துக்கான பாலிசி அங்கேயே நின்றுவிடும்.

வண்டி போன பிறகு

வேலை முடிந்து, பணம் வாங்கி, சாவியைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. ஒப்படைப்பு முடிந்தது. எட்டு மாதம் கழித்து வயர் தேய்ந்து தீப்பிடிக்கிறது, உள்ளே இருந்தது கஸ்டமரின் நண்பர். அவருக்கும் கடைக்கும் எந்த ஒப்பந்தமும் இல்லையே?

இந்த வாதத்தை உடைத்ததும் ஒரு கார்தான். மேக்ஃபெர்சன் என்பவர் ப்யூக் காரை டீலரிடம் வாங்கினார். சக்கரத்தின் மர ஆரங்கள் நொறுங்கி, தூக்கி எறியப்பட்டுக் காயமடைந்தார். எங்களிடம் நேரடியாக வாங்கவில்லையே என்றது ப்யூக். 1916-இல் நியூயார்க் நீதிபதி கார்டோசோ அதை நிராகரித்தார். கவனக்குறைவாகச் செய்தால் ஆபத்தாகும் பொருளென்றால், பயன்படுத்தப் போகிறவர்களிடமும் பொறுப்பு உண்டு என்றார். பொறுப்புப் பாலிசிகளில் 'முடித்த வேலை'க்கென்று தனித் தலைப்பு இருப்பது இப்படிப்பட்ட பொறுப்புக்காகத்தான். இந்தியாவில் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், உற்பத்தியாளர், விற்பவர், பொருளுக்குச் சேவை செய்பவர் என்று மூவருக்கும் தனித்தனியாகப் பொறுப்பு வைக்கிறது. விற்று மாட்டியும் தருகிற கடைக்கு அதில் இரண்டு தொப்பி.

ஒன்று மட்டும் இந்தப் பொறுப்புப் பாலிசிகளில் பொதுவாக எதிர்பார்க்க முடியாது. தப்பாகப் போட்ட வயரைத் திரும்பப் போடும் செலவு. அந்த வயரால் எரிந்த காருக்குப் பணம் வரலாம், வயருக்கு வராது. மோசமான வேலைக்கும் இன்சூரன்ஸ் பணம் தந்தால் ஒழுங்காக வேலை செய்ய யாருக்கும் காரணம் இருக்காது.

கார் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கம்பெனி விலையில் சேராமல் வெளியில் மாட்டிய ஸ்டீரியோவை உங்கள் பாலிசியில் தனியாகச் சேர்க்க வேண்டும். 2002 விதிகளில் அதற்குக் கட்டணம் பொருளின் மதிப்பில் 4 சதவீதமாக இருந்தது, 40,000 ரூபாய் செட்டுக்கு 1,600. சேர்க்காவிட்டால், காரோடு போன ஸ்டீரியோவுக்குப் பணம் வராது.

கடை நடத்துகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், ஏஜென்ட்டிடம் மூன்று கேள்வி கேளுங்கள். என் கடைக்குள் நிற்கும் கஸ்டமர் கார் இதில் வருமா? ஃபிட்டர் அதை ரோட்டில் ஓட்டினால் வருமா? டெலிவரி கொடுத்த பிறகு எரிந்தால் வருமா? பதிலை வாயால் வாங்காதீர்கள், பாலிசியில் எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள்.